ஆடியின் வடிவத்துக்கு யார் சாட்சி? ஹபிள் முதல் வெப் வரை விண்வெளித் தொலைநோக்கிகளின் ஒளியியல்

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் முதன்மை ஆடி 2.4 மீட்டர் விட்டமும் சுமார் 828 கிலோ எடையும் கொண்டது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள டான்பரி நகரில், பெர்கின்-எல்மர் நிறுவனம் 1981-இல் அதை மெருகேற்றி முடித்தது. அதன் பரப்பில் எஞ்சியிருந்த மேடுபள்ளங்கள் 10 நானோமீட்டர் அளவிலேயே, அதாவது ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு அளவிலேயே அடங்கியிருந்தன. ஆனால் 1990 ஏப்ரல் 24 அன்று விண்ணுக்குச் சென்ற அந்த ஆடி, விளிம்பில் இருக்க வேண்டியதைவிட 2.2 மைக்ரோமீட்டர் கூடுதலாகத் தட்டையாக இருந்தது. வழுவழுப்பில் குறையில்லை, வளைவு மட்டும் தவறாக இருந்தது. மனிதத் தலைமுடியின் தடிமனில் மிகச் சிறு பங்கே ஆகும் இந்த வேறுபாடு, பல ஆண்டு உழைப்பில் உருவான ஒரு தொலைநோக்கியை எப்படி முடக்கியது என்பதைப் புரிந்துகொண்டால், விண்வெளித் தொலைநோக்கிகளின் ஒளியியல் முழுவதும் எதைச் சுற்றி அமைந்திருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

ஒளி ஓர் அலை. மிகத் தொலைவில் உள்ள ஒரு நட்சத்திரத்திலிருந்து வரும் அலைமுகப்பு, அதாவது அலையின் ஒரே முகட்டை இணைக்கும் பரப்பு, நம்மை அடையும்போது ஏறத்தாழத் தட்டையாகவே இருக்கும். அதை ஒரே புள்ளியில் சேர்ப்பதுதான் ஆடியின் வேலை. சேர்ப்பது என்றால் எல்லாக் கதிர்களையும் ஓரிடத்துக்குத் திருப்பிவிடுவது மட்டுமே ஆகாது. ஆடியின் நடுவில் பட்டுத் திரும்பும் ஒளியும் விளிம்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் குவியத்தை அடையக் கடக்கும் தூரம் சமமாக இருக்க வேண்டும். அப்போதுதான் அலைகளின் முகடுகள் ஒன்றோடொன்று பொருந்தி வலுப்பெறும். தூரத்தில் அரை அலைநீளம் வேறுபட்டாலே ஒன்றின் முகடும் மற்றொன்றின் அகடும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடும். கண்ணுக்குப் புலனாகும் பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 500 நானோமீட்டர். தெளிவான பிம்பத்துக்கு அலைமுகப்பின் சராசரிப் பிழை அலைநீளத்தின் பதினான்கில் ஒரு பங்குக்குள், அதாவது 36 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது ஒளியியலாளர்கள் பின்பற்றும் அளவுகோல். ஆடியின் பரப்பில் உள்ள பிழை, ஒளி போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையுமாக இரட்டிப்பாகிவிடும் என்பதால், பரப்பின் பிழை 18 நானோமீட்டருக்குள் அடங்க வேண்டும். இந்த எண்ணோடு ஒப்பிட்டால், ஹபிள் ஆடியின் விளிம்பில் இருந்த 2,200 நானோமீட்டர் எவ்வளவு பெரிய பிழை என்பது தெரியும்.

அப்படியே எல்லாம் பிழையின்றி அமைந்தாலும் நட்சத்திரத்தின் பிம்பம் புள்ளியாகிவிடாது. ஆடியின் விளிம்பில் ஒளி அலை சற்று வளைந்து பரவும் விளிம்பு விளைவினால் அது ஒரு சிறு வட்டாகவும், அதைச் சுற்றிய மங்கலான வளையங்களாகவும் விரியும். ஆடி எவ்வளவு பெரியதோ அவ்வளவு சிறியதாக அந்த வட்டு சுருங்கும். 2.4 மீட்டர் ஆடிக்குப் பச்சை ஒளியில் அதன் ஆரம் சுமார் 0.05 விகலை, விகலை என்பது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு. தரையில் இருக்கும் தொலைநோக்கிக்கு, தலைக்கு மேல் கொந்தளிக்கும் காற்று இதே பிம்பத்தை நல்ல இரவிலும் அரை விகலைக்கு மேல் கலைத்துவிடும். அமெரிக்க வானியற்பியலாளர் லைமன் ஸ்பிட்சர் 1946-லேயே விண்வெளியில் தொலைநோக்கி வேண்டும் என்று வாதிட்டதற்கு இது ஒரு காரணம். வளிமண்டலம் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியையும், அகச்சிவப்பில் பல பட்டைகளையும் தடுத்துவிடுகிறது என்பது இன்னொரு காரணம்.

வில்லைகளை விட்டு ஆடிகளைத் தேர்ந்தெடுப்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. வில்லை ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு கோணத்தில் வளைக்கும். ஆடி எல்லா நிறங்களையும் ஒன்றுபோலத் திருப்பும். ஆடியைப் பின்புறம் முழுவதும் தாங்கிப் பிடிக்கலாம் என்பதால் பெரிதாகவும் செய்யலாம்.

ஒற்றைக் குழியாடி போதும் என்றால் பரவளைய வடிவமே பொருத்தமானது. ஆனால் அது பார்வைப் புலத்தின் நட்டநடுவில் உள்ள நட்சத்திரத்தை மட்டுமே பிழையின்றிக் காட்டும். சற்று விலகிய நட்சத்திரங்கள் வால் முளைத்தது போலத் தெரியும். கோமா என்று அழைக்கப்படும் இந்தக் குறையை நீக்க, ஹபிளில் முதன்மை ஆடி, இரண்டாம் ஆடி இரண்டும் அதிபரவளைய வடிவில் அமைக்கப்பட்டன. ரிட்ச்சி-கிரெட்டியான் அமைப்பு என்பது இதன் பெயர். முதன்மைக் குழியாடி திருப்பியனுப்பும் ஒளியை, அதற்கு முன்னால் 4.9 மீட்டரில் நிற்கும் 30 சென்டிமீட்டர் அளவுள்ள குவியாடி மீண்டும் பின்னோக்கித் திருப்புகிறது. முதன்மை ஆடியின் நடுவில் உள்ள துளை வழியே சென்று அந்த ஒளி கருவிகளின் மேல் விழுகிறது. இப்படி மடித்து அனுப்புவதால், 57.6 மீட்டர் குவியத் தூரம் கொண்ட அமைப்பு சுமார் 13 மீட்டர் நீளமுள்ள உடலுக்குள் அடங்கிவிடுகிறது. பரவளையத்திலிருந்து அதிபரவளையம் விலகும் அளவைக் கூம்பு மாறிலி என்ற எண் குறிக்கும். பரவளையத்துக்கு அது -1. ஹபிள் ஆடிக்கு வகுக்கப்பட்டது -1.0023. உண்மையில் அமைந்தது ஏறத்தாழ -1.0139. 1990-இல் நடந்த துயரம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிறது.

அந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்பது நின்று பார்க்க வேண்டிய செய்தி. கோள வடிவ ஆடியைச் சோதிப்பது எளிது: அதன் வளைவு மையத்தில் ஒரு விளக்கை வைத்தால் ஒளி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். அதிபரவளைய ஆடி அப்படித் திருப்பாது. ஆகவே நல் கரெக்டர் என்னும் துணைக்கருவியை இடையில் வைத்து, லேசர் ஒளியின் அலைமுகப்பை முன்கூட்டியே வேண்டுமென்றே வளைத்து அனுப்புவார்கள். ஆடியின் வடிவம் சரியாக இருந்தால் திரும்பும் ஒளியில் நேரான, சீரான குறுக்கீட்டுப் பட்டைகள், அதாவது அலைகள் ஒன்றோடொன்று சேர்வதால் தோன்றும் ஒளியும் இருளுமான கோடுகள், தெரியும். வளைந்தால் அந்த இடத்தை மேலும் தேய்க்க வேண்டும். இந்த முறையின் நுட்பமும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பட்டைகள் நேராகும்வரை ஆடியைத் தேய்த்துக்கொண்டே போவதால், துணைக்கருவி எந்த வடிவத்தைச் சரி என்று சொல்கிறதோ அந்த வடிவத்தை ஆடி எடுத்துவிடும்.

ஹபிளுக்குப் பயன்பட்ட நல் கரெக்டரில் இரண்டு ஆடிகளும் ஒரு சிறு லென்ஸும் இருந்தன. அவற்றுக்கிடையிலான தூரத்தை, வெப்பத்தால் எளிதில் நீளாத இன்வார் உலோகத் தண்டுகளைக் கொண்டு அமைத்தார்கள். தண்டின் முனைமேல் ஒரு மூடி. மூடியில் சிறு துளை. துளை வழியே லேசர் ஒளியைச் செலுத்தி, தண்டின் முனையில் பட்டுத் திரும்புவதை வைத்து இடத்தைத் தீர்மானிப்பார்கள். மூடியின் மேற்பரப்பில் ஒளியைத் திருப்பாத பூச்சு இருக்க வேண்டும். ஓரிடத்தில் அந்தப் பூச்சு உரிந்திருந்தது. ஒளி தண்டின் முனைக்குப் போகாமல் மூடியிலேயே பட்டுத் திரும்பியது. அதன் விளைவாக லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி அமைந்தது. லென்ஸைத் தேவையான இடத்துக்குக் கொண்டுவர அதன் திருகு எட்டவில்லை என்று கண்ட பணியாளர்கள், இடைவெளியை நிரப்பச் சாதாரண வாஷர்களைச் செருகினார்கள். அந்த நேரத்தில் யாராவது "ஏன் எட்டவில்லை?" என்று கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே தெரிந்திருக்கும்.

வேறு இரண்டு சோதனைக் கருவிகள் ஆடியில் கோளப் பிறழ்ச்சி, அதாவது நடுவில் படும் ஒளியும் விளிம்பில் படும் ஒளியும் வெவ்வேறு தூரத்தில் குவியும் குறை, இருப்பதைக் காட்டவே செய்தன. அவை துல்லியம் குறைந்தவை என்பதால் அவற்றின் முடிவுகள் ஒதுக்கப்பட்டன. முதன்மை ஆடியையும் இரண்டாம் ஆடியையும் ஒன்றாக வைத்து முழு அமைப்பையும் சோதிக்கும் ஏற்பாடும் இல்லை. லூ ஆலன் தலைமையிலான விசாரணைக் குழு 1990 நவம்பரில் தந்த அறிக்கை இவற்றையெல்லாம் வரிசையாகப் பதிவு செய்தது. பூச்சு உரிந்தது ஒரு விபத்து. எந்தப் பட்டறையிலும் நடக்கக்கூடியது. ஒரே கருவியின் சாட்சியை நம்பி, அதற்கு மாறாகச் சொன்ன இரண்டு சாட்சிகளை ஏற்க மறுத்ததே உண்மையான தவறு என்பது என் கருத்து. துல்லியம் குறைந்த கருவியும் இவ்வளவு பெரிய பிழையைக் காட்டப் போதுமானதாகவே இருந்தது.

1990 ஜூனில் முதல் படங்களை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு நட்சத்திரமும் ஒளிமிகுந்த சிறு நடுப்பகுதியாகவும் அதைச் சுற்றிப் பரந்த ஒளிப்படலமாகவும் தெரிந்தது. 0.1 விகலை ஆரத்துக்குள் ஒளியின் 70 சதவீதம் குவிய வேண்டும் என்பது திட்டம். குவிந்ததோ சுமார் 15 சதவீதம். ஆடியோ பூமிக்கு மேலே 600 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் வடிவத்தை அளக்க எந்தக் கருவியையும் அங்கே கொண்டு செல்ல முடியாது. கையில் இருந்தவை மங்கலான நட்சத்திரப் படங்கள் மட்டுமே.

அந்தப் படங்களே சாட்சி சொல்ல முன்வந்தன. கேமராவின் உணரி ஒளியின் செறிவை மட்டுமே பதிவு செய்யும். அலையின் முகடு எங்கே, அகடு எங்கே என்ற கட்டத் தகவல் அதில் பதியாது. ஆனால் ஆடியின் வடிவம் ஒளிந்திருப்பது அந்தக் கட்டத்தில்தான். தொலைந்ததாகத் தோன்றும் இந்தத் தகவலைக் கணக்கின் மூலம் மீட்க முடியும் என்று கெர்ச்பெர்க், சாக்ஸ்டன் ஆகிய இருவர் 1972-இல் ஒரு வழிமுறையை வெளியிட்டிருந்தனர். ஆடியின் வெளிவடிவம் நமக்குத் தெரியும். பிம்பத்தின் செறிவும் தெரியும். அலைமுகப்பின் கட்டத்தை ஏதோ ஒரு விதமாக ஊகித்துக்கொண்டு, அதிலிருந்து பிம்பம் எப்படி இருக்கும் என்று கணக்கிட வேண்டும். கணக்கில் வந்த செறிவை நீக்கிவிட்டு உண்மையான படத்தின் செறிவை அந்த இடத்தில் வைத்து, மீண்டும் ஆடிக்குத் திரும்பிக் கணக்கிட வேண்டும். இப்படி முன்னும் பின்னும் போய்வரும்போது ஊகம் படிப்படியாக உண்மையை நெருங்கும். குவியத்திலிருந்து வேண்டுமென்றே சற்று விலக்கி எடுத்த படங்கள் இதற்கு மிகவும் உதவும். அவற்றில் ஒளி விரிந்து கிடப்பதால், ஆடியின் எந்தப் பகுதி எப்படித் தவறியிருக்கிறது என்பது ஓரிடத்தில் குவிந்து மறையாமல் வெளிப்படும். இந்த முறையில் பல ஆய்வுக் குழுக்கள் ஹபிள் படங்களிலிருந்து கணக்கிட்ட கூம்பு மாறிலியும், பட்டறையில் விட்டுவைத்திருந்த நல் கரெக்டரை மறுபடி அளந்தபோது கிடைத்த 1.3 மில்லிமீட்டர் பிழை காட்டிய மதிப்பும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன.

பிழை சீரானதாக இருந்தது நல்வாய்ப்பு. ஆடி தாறுமாறாகக் கெட்டிருந்தால் திருத்தவே முடிந்திருக்காது. அளவு தெரிந்த, வட்டச் சமச்சீர் கொண்ட பிழை என்பதால், அதற்கு நேர் எதிரான பிழையைச் சிறிய ஆடிகளில் செதுக்கி ஒளியின் பாதையில் வைத்தால் இரண்டும் கழிந்துவிடும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. திருத்தும் ஆடியைக் கண்ட இடத்தில் வைக்க முடியாது. முதன்மை ஆடியின் பிம்பம் விழும் இடத்தில்தான் வைக்க வேண்டும். அங்கேதான் பெரிய ஆடியின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிறிய ஆடியில் ஒரு புள்ளி நேர் இணையாக அமையும். அந்தப் பொருத்தம் சற்று நழுவினாலும் கோளப் பிறழ்ச்சி போய் கோமா வந்துவிடும். 1993 டிசம்பரில் எண்டவர் விண்கலத்தில் சென்ற விண்வெளி வீரர்கள், திருத்தம் உள்ளுக்குள்ளேயே பொருத்தப்பட்ட புதிய அகன்ற புலக் கேமராவையும், மற்ற கருவிகளுக்காக நாணய அளவு ஆடிகளைக் கொண்ட காஸ்டார் என்ற அமைப்பையும் ஹபிளில் பொருத்தினார்கள். படங்கள் தெளிந்தன. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு கருவியும் திருத்தத்தைத் தன்னுள்ளே கொண்டிருந்ததால், காஸ்டாருக்கு வேலையில்லாமல் போய் 2009-இல் அது பூமிக்குத் திரும்பியது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு இப்படி ஒரு பழுதுபார்ப்பை எண்ணிப் பார்க்கவே முடியாது. அது இயங்கும் இடம் பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள இரண்டாம் லக்ராஞ்சு புள்ளியை, அதாவது பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவர ஏற்ற ஓர் இடத்தை, சுற்றிய பாதை. அதன் முதன்மை ஆடியின் விட்டம் 6.5 மீட்டர், எந்த ராக்கெட்டின் முகப்பிலும் விரித்த நிலையில் நுழையாது. ஆகவே 1.32 மீட்டர் அகலமுள்ள 18 அறுகோணத் துண்டுகளாகப் பிரித்து, மடித்து, 2021 டிசம்பர் 25 அன்று ஏரியான் 5 ராக்கெட்டில் அனுப்பினார்கள். மடித்த ஆடி விரியும்போது நானோமீட்டர் துல்லியத்தில் வந்து அமரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தரையில் சரியான வடிவத்தைச் செய்து முடித்து அனுப்புவது என்ற ஹபிள் கால எண்ணத்தைக் கைவிட்டு, விண்ணில் வடிவத்தை அறிந்து அங்கேயே திருத்திக்கொள்ளும் ஆடியைச் செய்வது என்று முடிவெடுத்தார்கள். வெப்பின் ஒளியியலில் ஏறத்தாழ மற்ற எல்லாத் தேர்வுகளும் இந்த முடிவோடு பிணைந்தவை.

ஒவ்வொரு துண்டும் பெரிலியத்தால் ஆனது. அலுமினியத்தைவிட இலேசான இந்த உலோகம் மிகுந்த விறைப்புடையது. வெப் இயங்கும் கடுங்குளிரில் வெப்பநிலை சற்று மாறினாலும் அது சுருங்குவதோ விரிவதோ மிகக் குறைவு. ஆடி ஏன் அவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டும் என்றால், வெப் பார்ப்பது அகச்சிவப்பு ஒளியை. வெதுவெதுப்பான ஆடி தானே அகச்சிவப்பில் ஒளிர்ந்து, தொலைதூர விண்மீன் கூட்டங்களின் மங்கலான ஒளியை மூழ்கடித்துவிடும். ஐந்து அடுக்கு வெயில் மறைப்பின் நிழலில் ஆடிகள் -220 பாகை செல்சியசுக்கும் கீழே இருக்கின்றன. அறை வெப்பநிலையில் மெருகேற்றும் உலோகம் அந்தக் குளிரில் வடிவம் மாறும் என்பதால், ஒவ்வொரு துண்டையும் குளிரூட்டி, அது எப்படி வளைகிறது என்று அளந்து, மறுபடி சூடாக்கி, குளிரில் சரியாகும்படி அறை வெப்பநிலையில் வேண்டுமென்றே தவறாக மெருகேற்றினார்கள். மேலே சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் தங்கப் பூச்சு. தங்கம் நீல ஒளியை விழுங்கிவிடும். ஆனால் அகச்சிவப்பில் 98 சதவீதத்துக்கு மேல் திருப்பியனுப்பும்.

ஒளி இங்கே மூன்று வளைந்த ஆடிகளில் பட்டுச் செல்கிறது. ஹபிளின் இரட்டை ஆடி அமைப்பு கோளப் பிறழ்ச்சியையும் கோமாவையும் நீக்கும். மூன்றாவது ஆடி சேரும்போது, புலத்தின் ஓரத்தில் பிம்பம் ஒரு திசையில் நீளும் அஸ்டிக்மாட்டிசம் என்ற குறையும் நீங்கி, அகன்ற புலம் முழுவதும் தெளிவாகிறது. நான்காவதாக ஒரு தட்டையாடி இருக்கிறது. தொலைநோக்கியின் உடல் நுண்ணிய அளவில் ஆடுவதை ஈடுகட்ட அது தொடர்ந்து சாய்ந்து பிம்பத்தை ஓரிடத்தில் நிறுத்துகிறது. முதன்மை ஆடியின் பிம்பம் விழுவதும் சரியாக அந்தத் தட்டையாடியின் மேல்தான். வெப்புக்கு ஹபிளைப் போல ஒளியை மறைக்கும் குழாய் உடல் கிடையாது. அதனால் ஆடியின் விளிம்புக்கு வெளியிலிருந்து வரும் வேண்டாத ஒளியை, இந்தத் தட்டையாடியைச் சுற்றிப் பொருத்திய கறுப்பு மறைப்பு வெட்டிவிடுகிறது.

ஒவ்வொரு துண்டின் பின்னாலும் அதை நகர்த்தவும் சாய்க்கவும் ஆறு இயக்கிகளும், அதன் வளைவை மாற்ற ஒன்றும் உண்டு. இரண்டாம் ஆடிக்கு ஆறு. மொத்தம் 132. ஒவ்வொன்றும் சுமார் 10 நானோமீட்டர் அளவுக்கு நுண்ணிய அடிகளில் நகரக்கூடியது. 2022 பிப்ரவரியில் சப்தரிஷி மண்டலத்தில் உள்ள எச்டி 84406 என்ற தனித்து நிற்கும் நட்சத்திரத்தை நோக்கி வெப் திரும்பியபோது, கேமராவில் ஒரு நட்சத்திரத்துக்குப் பதிலாகச் சிதறிய 18 நட்சத்திரங்கள் தெரிந்தன. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே அசைத்து, எந்தப் புள்ளி நகர்கிறது என்று பார்த்து, எது எந்தத் துண்டின் பிம்பம் என்று அடையாளம் கண்டார்கள். பின்னர் புள்ளிகளை அறுகோண வடிவில் அடுக்கி, ஒவ்வொன்றையும் கூர்மையாக்கி, 18-ஐயும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள்.

பார்ப்பவருக்கு அத்தோடு வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் அந்த நிலையில் இருப்பவை ஒரே இடத்தைப் பார்க்கும் 18 சிறு தொலைநோக்கிகள். ஒளி கூடுமே தவிர, தெளிவு 1.3 மீட்டர் ஆடியின் தெளிவுதான். துண்டுகளின் உயரங்கள் ஒன்றோடொன்று அலைநீளத்தின் சிறு பங்களவுக்குப் பொருந்தி, 18 அலைமுகப்புகளும் ஒன்றாகும்போதுதான் அது 6.5 மீட்டர் ஆடியாகிறது. அந்தக் கணத்தில் அதே ஒளி பதினெட்டில் ஒரு பங்கு பரப்புக்குள் சுருங்கி, பிம்பத்தின் உச்சம் 18 மடங்கு பிரகாசமாகிறது. முதலில் துண்டுகளை இரண்டிரண்டாக எடுத்து, ஒளியை நிறமாலையாக விரித்து, அதில் தோன்றும் குறுக்கீட்டுப் பட்டைகளின் சாய்விலிருந்து உயர வேறுபாட்டை அளந்தார்கள். இறுதிக்கட்டச் சீரமைப்புக்கு வந்தது ஹபிளின் நோயறிந்த அதே முறை. அகச்சிவப்புக் கேமராவுக்குள் இருக்கும் வலுக்குறைந்த லென்ஸ்களால் நட்சத்திரத்தை வேண்டுமென்றே குவியம் விலகச் செய்து, அந்தப் படங்களிலிருந்து கட்டத்தைக் கணக்கிட்டு, கணக்கு சொன்னபடி இயக்கிகளை நகர்த்தினார்கள். 1990-இல் நெருக்கடியில் கைக்கொண்ட வழி, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு தொலைநோக்கியின் அடிப்படை வடிவமைப்பாகவே ஆகியிருந்தது. மார்ச் 11-இல் இந்தச் சீரமைப்பு முடிந்தது; 2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் எட்ட வேண்டும் என்று வகுத்திருந்த, விளிம்பு விளைவு மட்டுமே எல்லையிடும் தெளிவை வெப் 1.1 மைக்ரோமீட்டரிலேயே எட்டியது.

வெப் படங்களில் ஒளிமிகுந்த நட்சத்திரங்களைச் சுற்றித் தெரியும் கூர்முனைகளும் இந்த ஆடியின் கையெழுத்தே. அறுகோணத் துண்டுகளின் நேர்விளிம்புகள் ஆறு பெரிய முனைகளை உண்டாக்குகின்றன. இரண்டாம் ஆடியைத் தாங்கும் மூன்று கால்களும் ஆறு முனைகளை உண்டாக்கும். அவற்றில் நான்கு, ஏற்கெனவே உள்ளவற்றின் மேல் படியும்படி கால்களின் கோணம் அமைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சிய இரண்டு மட்டும் சிறு கிடைக்கோடாகத் தெரியும். ஹபிள் படங்களில் நான்கு முனைகள் தெரிவதற்கு, அதன் இரண்டாம் ஆடியைத் தாங்கும் நான்கு கரங்கள் காரணம்.

சீரமைப்பு ஒருமுறையோடு முடிவதில்லை. ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை வெப் ஒரு நட்சத்திரத்தைக் குவியம் விலக்கிப் படமெடுத்து, தன் ஆடியின் வடிவத்தைத் தெரிவிக்கிறது. விலகல் வரம்பை மீறும்போது இயக்கிகள் நகர்த்தப்படுகின்றன. 2022 மே மாதம் சி3 என்ற துண்டில் எதிர்பார்த்ததைவிடப் பெரிய நுண்கல் ஒன்று மோதியதும் இந்த அளவீட்டில்தான் தெரியவந்தது. துண்டின் இடத்தையும் வளைவையும் மாற்றி அந்தச் சேதத்தின் ஒரு பகுதியை ஈடுசெய்ய முடிந்தது. வளைவு மாற்றத்தால் எட்ட முடியாத நுண்ணிய சிதைவு அப்படியே நிற்கிறது. மொத்த ஆடியின் தெளிவு அதனால் பெரிதும் குறையவில்லை. இருந்தாலும், தொலைநோக்கி பயணம் செய்யும் திசையில் வரும் கற்கள் அதிக வேகத்தோடு மோதும் என்பதால், அந்தத் திசையை ஆடி நேராக நோக்கும் நேரத்தைக் குறைக்கும்படி அவதானிப்புகளின் அட்டவணை இப்போது திட்டமிடப்படுகிறது.